ஓ.ஏ.பி. பணமும் நாலு கிலோ அரிசியும்



சென்ற பதிவு கிரகணத்தைப் பற்றி. இந்த முறை வானத்தை விட்டுத் தரைக்கு இறங்கி, சோற்றைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். கல்யாணப் பந்திச் சோறு அல்ல. உடம்பில் தெம்பு குறைந்து, வேலைக்குப் போக முடியாமல், மாதா மாதம் வரும் ஒரே தொகையை வைத்துக்கொண்டு வாழும் வயதானவர்களின் சோறு.

மதுரையிலிருந்து திருச்சி போகிறவர்களுக்கு எங்கள் கொட்டாம்பட்டி வழியில் வரும் ஒரு பஸ் நிறுத்தம். அரசுக் கணக்கில் மேலூர் வட்டத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் போய் "முதியோர் ஓய்வூதியம்" என்று சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். "ஓ.ஏ.பி." என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரியும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாத பாட்டிகளும் இந்த மூன்று எழுத்தைத் தப்பில்லாமல் சொல்வார்கள். "எனக்கு ஓ.ஏ.பி. வருதுப்பா" என்றால் அதில் ஒரு சின்ன கௌரவம் இருக்கும். "இன்னும் வரல" என்றால் அதில் ஒரு கதை இருக்கும்.

இந்த ஓ.ஏ.பி. எப்போது வந்தது என்று கேட்டால் எம்.ஜி.ஆர். காலம் என்பார்கள் சிலர், கலைஞர் காலம் என்பார்கள் சிலர், அம்மா கொடுத்தது என்பார்கள் சிலர். மூன்று பேரும் அதில் கை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆரம்பம் அதற்கும் முன்னால். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லி முடித்த பிறகு ஒரு கேள்வியும் இருக்கிறது: வயதானவர்களுக்குப் பணமாகக் கொடுப்பது நல்லதா, அரிசியாகக் கொடுப்பது நல்லதா, சோறாகவே போடுவது நல்லதா?

சத்திரமும் கஞ்சித்தொட்டியும்

அரசாங்கம் வருவதற்கு முன்பும் கிழவர்களுக்குப் பசித்தது. அப்போது சத்திரங்கள் இருந்தன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ராணி மங்கம்மாள் பெயரைச் சொன்னாலே சாலையும் சத்திரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சத்திரம் முதலில் வழிப்போக்கர்களுக்கானது. ஊரைவிட்டு எங்கும் நகர முடியாத கிழவிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அவளுக்கு இருந்தது பிள்ளைகள், சொந்தக்காரர்கள், பிறகு கோயில்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதை 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் காட்டிவிட்டது. தென்னிந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி, தன் நகைகளையும் சொத்தையும் விற்று, மாதக்கணக்கில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார் என்று இன்றும் சொல்கிறார்கள். அவரைப் பார்த்துத்தான் அரசாங்கமும் கஞ்சித்தொட்டி திறந்தது என்பார்கள் மதுரைக்காரர்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலியைக் குறைத்தது! 1877-ல் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, ஆண் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் சுமக்கிறவனுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். இந்தச் சண்டையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்று. இருவரும் வேலை செய்கிறவனின் வயிற்றைப் பற்றித்தான் வாதாடினார்கள். வேலையே செய்ய முடியாத கிழவனின் கணக்கு என்ன?

அதற்கான பதில் கொஞ்சம் பிந்தி வந்தது. 1880-ல் பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. 1883-ல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. வேலை செய்யக்கூடியவருக்கு வேலை, முடியாத முதியோர்களுக்கும் நோயாளிகளுக்கும் இலவச உதவி என்று அதில் பிரித்தார்கள். 'இவரிடம் வேலை வாங்காமலே சோறு போட வேண்டும்' என்று அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் அது பஞ்ச காலத்துக்கு மட்டும். மழை பெய்துவிட்டால் உதவி நின்றுவிடும். மழை பெய்தாலும் கிழவர் இளைஞராக மாட்டார் என்பது விதித்தொகுப்பில் இல்லை!

1962: இருபது ரூபாய்

பஞ்சம் இல்லாத நாளிலும் வயதானவருக்கு உதவி வேண்டும் என்ற எண்ணம் வேறு நாடுகளில் முன்பே வந்துவிட்டது. பிரிட்டனில் 1908-ல் சட்டம் போட்டு, 1909 ஜனவரி 1 முதல் 70 வயது ஆன ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கொடுத்தார்கள். அதே பிரிட்டன் ஆண்ட நம் நாட்டுக்கு அது வரவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசியலமைப்பின் 41-வது பிரிவில் முதுமையில் பொது உதவி என்ற சொல் இடம்பெற்றது. கூடவே "பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு" என்ற வரம்பும் வந்தது.

1957-ல் உத்தரப் பிரதேசம் முதலில் தொடங்கியது. நம் சென்னை மாநிலத்தில் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1962 ஏப்ரல் 1 அன்று முதியோர் உதவித்தொகை ஆரம்பமானது. மாதம் 20 ரூபாய். இதுதான் ஓ.ஏ.பி.யின் பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் காமராஜர் என்றால் மதிய உணவு, அணைகள் என்று படிக்கிறோம். இதையும் சேர்த்துப் படிக்கலாம்.

20 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அதைப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். அந்த விலையில் பார்த்தால் 20 ரூபாய்க்கு 20 படி அரிசி. ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அந்த விலை அந்த இரண்டு நகரங்களுக்குத்தான். எங்கள் பக்கத்துப் பாட்டி சந்தை விலையில்தான் வாங்கியிருப்பார். அரிசியோடு உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய், வெற்றிலை பாக்கு எல்லாம் அந்த இருபதுக்குள்தான்.

இன்னொரு விஷயமும் அன்றே சேர்ந்துவிட்டது. "ஆதரவற்றவர்" என்ற சொல். உதவி வேண்டுமென்றால் வயது மட்டும் போதாது, பராமரிக்க வயது வந்த ஆண் பிள்ளை இல்லை என்றும் காட்ட வேண்டியிருந்தது. காகிதத்தில் இது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மகன் இருப்பதும் மகன் சோறு போடுவதும் ஒன்றா? எங்கள் பக்கத்தில் இளவட்டங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும், முடிந்தவர்கள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்விடுகிறார்கள். ஊரில் வீடு இருக்கும், வீட்டில் ஒரு கிழவி இருப்பார். மகன் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கும், மகன் இருக்க மாட்டான். "எனக்கு யாரும் இல்லை" என்று அதிகாரியிடம் சொல்ல ஒரு தாய்க்கு மனசு வராது. சொன்னால்தான் பணம் வரும்.

1983: பிள்ளைகளின் பந்தியில் ஓர் இடம்

1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமப்புறத்தில் 2 வயது முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. 1984-ல் 15 வயது வரை நீட்டினார்கள். இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை.

தெரியாத கதை என்னவென்றால், நடுவில் 1983-ல் ஓ.ஏ.பி. வாங்கும் முதியோர்களையும் இதில் சேர்த்தார்கள். அதாவது அதே அடுப்பு, அதே அண்டா, அதே அமைப்பாளர், அதே சமையல்காரம்மா. மத்தியானம் பிள்ளைகள் தட்டை நீட்டும் இடத்திலேயே தாத்தாவும் பாட்டியும் வந்து சாப்பிடலாம்.

எனக்கு இது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன். வயதானவருக்குப் பசியோடு தூரமும் ஒரு பிரச்சினை. தாலுகா ஆபீஸ் மேலூரில், கலெக்டர் ஆபீஸ் மதுரையில். ஆனால் சத்துணவு மையம் அந்தந்த ஊரிலேயே இருக்கிறது. அரசாங்கத்துக்குக் கிராமம் கிராமமாக எரியும் அடுப்பு என்று ஒன்று இருந்தால் அது அதுதான். தனியாக இருக்கும் ஒருவருக்கு அரிசி கொடுத்தாலும் அதைச் சமைக்க விறகு வேண்டும், தண்ணீர் தூக்க வேண்டும், கண் தெரிய வேண்டும். வெந்த சோறு கிடைத்தால் இது எதுவும் வேண்டாம்.

ஆனால் எல்லோரும் போய் உட்கார்ந்துவிடவில்லை. நாளடைவில் பெரும்பாலானவர்கள் சோற்றுக்குப் பதில் அரிசியாகவே வாங்க ஆரம்பித்தார்கள். நடக்க முடியாதது ஒரு காரணம். கூச்சம் இன்னொரு காரணம். பேரப்பிள்ளை வரிசையில் நிற்கும்போது பின்னால் தட்டோடு நிற்பதற்கு நம் ஊர்ப் பெரியவர்கள் அவ்வளவு எளிதில் சம்மதிக்க மாட்டார்கள்.

ஆகவே அரசு ஒரு கணக்கு வகுத்தது. மையத்தில் சாப்பிடுகிற ஓய்வூதியருக்கு மாதம் 2 கிலோ அரிசி. சாப்பிடாதவருக்கு மாதம் 4 கிலோ அரிசி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குச் சேலை. நான் தலைப்பில் சொன்ன நாலு கிலோ இதுதான்.

4 கிலோவை 30 நாளுக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 133 கிராம். டெம்பிள் துரை 1877-ல் சொன்ன 450 கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! இதை மட்டும் வைத்து யாரும் வாழ முடியாது. ஆனால் இதை மட்டும் வைத்து வாழச் சொல்லவும் இல்லை. இது ஓ.ஏ.பி. பணத்தோடும் ரேஷன் அரிசியோடும் சேரும் ஒரு துணை. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வயிறு. ஒன்று நின்றாலும் சிக்கல்தான்.

காத்திருப்போருக்குப் பத்து கிலோ

1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கியது. 65 வயதுக்கு மேற்பட்ட ஆதரவற்றவர்களுக்கு மாதம் 75 ரூபாய் மத்திய அரசின் பங்கு. பணம் வந்தது, ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பும் வந்தது. தகுதி இருந்தும் பட்டியலில் இடம் இல்லாதவர்கள் நாடு முழுக்கக் காத்திருந்தார்கள்.

அவர்களுக்காக 2000 ஏப்ரலில் அன்னபூர்ணா திட்டம் வந்தது. முதியோர் ஓய்வூதியத்துக்குத் தகுதி இருந்தும் அது கிடைக்காத 65 வயதானவர்களுக்கு மாதம் 10 கிலோ தானியம் இலவசம். கொஞ்சம் யோசித்தால் இது ஒரு வேடிக்கையான திட்டம். "உனக்குச் சேர வேண்டியதை நான் கொடுக்கவில்லை, அதுவரை இந்த அரிசியை வைத்துக்கொள்" என்று அரசாங்கமே சொல்வது போல! ஆனாலும் பத்து கிலோ பத்து கிலோதான். காத்திருக்கிறவருக்கு அது பெரிது.

2001-ல் இன்னொரு முக்கியமான நிகழ்ச்சி. கிடங்குகளில் தானியம் மலைபோல் குவிந்திருக்கும்போது மக்கள் பட்டினி கிடப்பதா என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. மதிய உணவு, அந்தியோதயா, அன்னபூர்ணா, முதியோர் ஓய்வூதியம் உள்ளிட்ட திட்டங்கள் அரசின் தயவு அல்ல, மக்களின் உரிமை என்ற நிலை அதிலிருந்து வந்தது. வழக்கறிஞர்களுக்கு இது சட்டச் சொல். ஆனால் மனு கொடுக்கக் கைகட்டி நிற்கும் ஒரு பெரியவருக்கு இது முதுகை நிமிர்த்தும் சொல்.

எல்லோருக்கும் ரேஷன் என்பதன் அருமை

1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் எல்லோருக்கும் ரேஷன் என்ற முறையிலேயே நின்றது. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும் இதை விடவில்லை. முதியோர் விஷயத்தில் இது ஏன் முக்கியம் தெரியுமா? பட்டியல் போட்டால் முதலில் விட்டுப்போகிறவர்கள் வயதானவர்கள்தான். கணக்கெடுக்க வரும்போது வீட்டில் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் "பையனைக் கேளுங்க" என்பார்கள். பட்டியலே இல்லாத இடத்தில் விட்டுப்போவதற்கு வாய்ப்பும் குறைவு.

விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. 2006 ஜூனில் கலைஞர் ஆட்சியில் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய். 2008 செப்டம்பரில் 1 ரூபாய். 2011 ஜூனில் ஜெயலலிதா ஆட்சியில் இலவசம். 2007-லிருந்து துவரம் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் ரேஷன் கடைக்கு வந்தன. "ரேஷன் அரிசி நாறும்" என்று கிண்டல் செய்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். சரிதான், சில மாதம் அரிசி சரியாக இருப்பதில்லை. ஆனால் அதையே கழுவி, ஊறவைத்து, இட்லி மாவாக்கிச் சாப்பிடுகிற வீடுகள் எத்தனை என்பதையும் பார்க்க வேண்டும்.

ரூபாய் சுருங்கும், கிலோ சுருங்காது

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மத்திய அரசின் பங்கு 1995-ல் 75 ரூபாய். 2006-ல் 200 ரூபாய். 2011-ல் வயது வரம்பை 60 ஆக்கி, 80 வயது தாண்டியவர்களுக்கு 500 ஆக்கினார்கள். ஆனால் 60 முதல் 79 வரை உள்ளவர்களுக்கு அதே 200 தான், 2025-லும் அதே 200. மாநில அரசின் பங்கோடு சேர்த்து நம் ஊரில் கைக்கு வருவது 2011-ல் 500-லிருந்து 1,000 ஆனது. பிறகு 12 வருடம் அப்படியே நின்று, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது.

அந்த 12 வருடத்தில் டீ விலை என்ன ஆனது, பருப்பு விலை என்ன ஆனது, மேலூர் போக பஸ் டிக்கெட் என்ன ஆனது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். 2011-ல் வாங்கிய ஆயிரமும் 2022-ல் வாங்கிய ஆயிரமும் பார்க்க ஒரே நோட்டுதான். வாங்கும் பொருள் ஒன்றல்ல.

அரசு ஊழியர்கள் ஓய்வுபெற்றால் அவர்களுடைய ஓய்வூதியத்தோடு அகவிலைப்படி சேர்த்துத் தருகிறார்கள். விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். அது அவர்கள் உழைத்துப் பெற்றது, குறை சொல்லவில்லை. அமெரிக்காவில்கூட ஏழைகளுக்கான உணவு உதவித் தொகையை உணவு விலையைப் பார்த்து ஒவ்வோர் அக்டோபரிலும் திருத்துகிறார்கள். ஓ.ஏ.பி.க்கு மட்டும் அப்படி எந்த ஏணியும் இல்லை. அது தேர்தலையோ அறிவிப்பையோ பார்த்துத்தான் ஏறும். வயல் வேலையிலும் கட்டட வேலையிலும் 50 வருடம் உழைத்தவருக்கு அகவிலைப்படி கிடையாது.

இந்த இடத்தில்தான் அரிசியின் அருமை தெரிகிறது. 4 கிலோ என்றால் எந்த ஆண்டிலும் 4 கிலோ. 10 கிலோ என்றால் 10 கிலோ. விலை ஏறினாலும் வயிற்றுக்குள் போகும் அளவு குறையாது. அந்த ஏற்றத்தை அரசாங்கம் தாங்கிக்கொள்கிறது, பாட்டி அல்ல.

அப்படியென்றால் பணமே வேண்டாமா? வேண்டும். அரிசி மட்டும் சாப்பாடு ஆகாது. மாத்திரை, காய்கறி, கண்ணாடி, பேத்திக்கு வாங்கிக் கொடுக்க ஒரு பிஸ்கட் பாக்கெட், எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும். காசு கையில் இருந்தால்தான் மருமகள் முன்னால் ஒரு மரியாதை. ஆனால் "அரிசியை நிறுத்திவிட்டு அதற்குப் பணம் கொடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், விலையோடு ஏறாத பணத்துக்கு நம் முதியோர்களிடம் அறுபது வருட அனுபவம் இருக்கிறது என்று பதில் சொல்ல வேண்டும்.

கடைசி மைல்

முன்பு ஓ.ஏ.பி. மணியார்டராக வந்தது. போஸ்ட்மேன் சைக்கிள் மணிச் சத்தம்தான் மாதப் பிறப்பு. பிறகு வங்கிக் கணக்கு, கைரேகை இயந்திரம் என்று மாறியது. ரேஷன் கடையிலும் 2020-லிருந்து கைரேகை. காலமெல்லாம் நாற்று நட்டு, கல் உடைத்து, பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? இயந்திரம் ஏற்கவில்லை என்றால் இன்னொரு நாள் வரவேண்டும். இன்னொரு நாள் என்பது நமக்கு ஐந்து நிமிட நடை, அவருக்கு ஒரு யாத்திரை.

2013-ல் மதுரை மாநகராட்சியில் அம்மா உணவகம் வந்தபோது ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைத்தது. நகரத்து முதியவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் கொட்டாம்பட்டிப் பாட்டி ஒரு ரூபாய் இட்லிக்குப் பஸ் டிக்கெட் எடுத்து மதுரை போக முடியாதே! 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்ற பெயரில் 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1983-ல் சத்துணவு மையம் செய்த அதே வேலை இது: தூரத்தைக் குறைப்பது.

இவ்வளவையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. வயதானவர்களின் சோறு ஒருபோதும் ஒரே திட்டமாக வரவில்லை. பஞ்ச விதியில் ஒரு வரி, பிள்ளைகளின் பந்தியில் ஓர் இடம், காத்திருப்போர் பட்டியலுக்கு ஒரு மூட்டை என்று துண்டு துண்டாக வந்தது. அதனால்தான் எந்தத் துண்டு தனக்குச் சேர வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

படித்தவர்கள் நாம் இதில் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஓ.ஏ.பி.க்கு மனு கொடுத்தாச்சா? ரேஷன் அட்டை உங்க பேரில் இருக்கா? ஓ.ஏ.பி. அரிசியும் சேலையும் வருதா? எதற்காவது "இல்லை" என்று பதில் வந்தால் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து மனு எழுதிக் கொடுங்கள். மேலூருக்குப் போகும்போது கூடப் போங்கள். அவர்கள் அந்தப் படிக்கட்டில் ஏறுவதற்கு ஒரு தோள் இருந்தால் போதும்.